நீ கட்டிய மூங்கில் வழி

போன வாரம் திருவண்ணாமலையில் கோயில் தெருப்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது பச்சை மூங்கில் பிளக்கும் வாசனை வந்தது. தீபத்துக்கு வரும் கூட்டத்தை வரிசையில் விடுவதற்காகத் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரப் புல்லும் புளித்த பாலும் கலந்தாற்போன்ற அந்த வாசனையில் என் கால் நின்றுவிட்டது. கூட வந்த அண்ணன் மகள், "இன்னா அத்த, நின்னுட்ட? மயக்கமா வருதா?" என்று கையைப் பிடித்தாள். வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றேன். வெயிலில் எதற்கு அவ்வளவு சுற்று என்றாள். மூங்கில் வழிக்குள் நான் நுழைவதில்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. வயசாச்சு, கூட்டம் ஆகாது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ அந்த வழியைக் கட்டியபோது நம் இருவருக்குமே முப்பது வயது ஆகவில்லை.

ஆலங்காயத்துக்கு மேலே, மலைமேல் இருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் நான் தையல் டீச்சர். கலசப்பாக்கத்திலிருந்து வந்து, பள்ளிக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் ஒரு வருடம் தனியாக இருந்தேன். அப்புறம் நீ வந்தாய், கடுக்காய் ஏற்ற வந்த லாரியில், உன் அத்தாவோடு. அவருக்கு வாணியம்பாடியில் தோல் வியாபாரம். தோல் பதனிடக் கடுக்காய் வாங்குவதற்கு மலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர். தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மெட்ராஸ்ல சிலை செய்யற படிப்பு படிச்சிருக்குது. அதுக்கு வாணியம்பாடில இன்னாம்மா வேல இருக்குது? மறுபடி மெட்ராசுக்கு அனுப்ப எனக்கு மனசு இல்ல. இங்க ஓவிய டீச்சர் வேலன்னாங்க. நீ கூட இருக்கற. பாத்துக்கோ."

உன்னை யாரும் பார்த்துக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. உன் நாக்குக்கு எல்லோரும் பயந்தோம். என் கத்திரிக்கோல் கூட உன் அளவுக்குக் கூர் இல்லை என்று தலைமையாசிரியர் சொல்வார். வந்த மாதமே ஆசிரியர் அறையில் நீ ஒரு காரியம் செய்தாய். நீள மேசையைச் சுற்றி எதிரெதிராகக் கிடந்த நாற்காலிகளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டுவிட்டாய். பெருக்குகிறவள் செய்தது என்று நினைத்து யாரும் மாற்றவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் கணக்கு வாத்தியாருக்கும் அறிவியல் வாத்தியாருக்கும் பேச்சு நின்றுபோனது. டீயை அவரவர் திரும்பி உட்கார்ந்து குடித்தார்கள். அடுத்த ஞாயிறு பழையபடி மாற்றிப் போட்டாய். திங்கட்கிழமை இருவரும் வடையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"நாற்காலி திரும்புனா மனுஷன் திரும்பிடறான். அவனுக்கே தெரியல பாரு" என்றாய்.

மெட்ராசில் படித்தபோதும் உனக்கு அதே பைத்தியம்தான். பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சின் நடுவில் ஏன் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள், பூங்காவுக்கு ஏன் ஒரே ஒரு வாசல், ஆபீஸ் ஜன்னலை ஏன் மார்பு உயரத்தில் வைக்கிறார்கள் என்றெல்லாம் சொல்வாய். மனு கொடுக்க வருகிறவன் அந்த ஜன்னலுக்குள் தலையை நீட்டினால் முதுகு தானாக வளையும். "குனிய வைக்கறது ஆபீசர் இல்லடி, ஜன்னலு. ஆபீசர் லீவு போட்டாலும் ஜன்னல் லீவு போடாது."

இதையெல்லாம் நீ எங்கே கற்றாய் என்பது உன் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் சந்தில் எந்த வாசலும் எதிர்வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. வாசல்தோறும் திரை. ஆனால் உள்ளே வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் கதவு இருந்தது. அதன் வழியாகப் பெண்கள் தெருவை மிதிக்காமலே சந்தின் கடைசி வீடு வரை போய்வந்தார்கள். "தெரு ஆம்பளைங்களுது. சொவுத்துக்குப் பின்னாடி இன்னொரு ஊரு, அது எங்களுது. ஒரே சொவுரு, ரெண்டு ஊரு" என்றாய்.

அந்தக் கண்ணோடுதான் மலையில் புதுக் காலனியைப் பார்த்தாய். காட்டோரம் இருந்த சில ஊர்களைக் கீழே கொண்டுவந்து சந்தை மேட்டுக்குப் பக்கத்தில் குடிவைத்திருந்தார்கள். மலையில் மாதிரி நகரம் ஒன்று உண்டாக்கப்போகிறார்கள், அதன் முதல் தெரு இது என்று பேச்சு. கல் சுவர், சிமெண்டு ஓடு, கோடு போட்டாற்போல வரிசை. பழைய ஊரில் வீடுகள் ஒரு களத்தைச் சுற்றி இருந்தன. எல்லா வாசலும் களத்தைப் பார்க்கும். சாமை காய்வதும் சண்டை தீர்வதும் அங்கேதான். காலனியில் ஒவ்வொரு வாசலும் முன்வரிசை வீட்டின் முதுகைப் பார்த்தது. யார் வருகிறார், யார் போகிறார், எந்த அடுப்பு எரியவில்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

காலனியில் நமக்குத் தெரிந்தவர்கள் வெள்ளையனும் பூங்காவனமும். கல்யாணம் ஆகி ஒரு சாமை அறுவடை கூட முடியாத ஜோடி. வெள்ளையன் பள்ளிக்கூடத்துக்கு வேலி கட்டுவான். பூங்காவனம் நம் வீட்டுக்குத் தேனும் விறகும் கொண்டுவருவாள். அவள்தான் ஒரு நாள் சொன்னாள்: "பழைய ஊர்ல ஒரு கோழி காணாம போனா ஊரே தேடும் டீச்சரம்மா. இங்க ஒரு கோழி காணாம போனா ஊரே திருடன்." நீ அவளை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாய்.

அதன் பிறகுதான் உனக்கு அந்த எண்ணம் வந்தது. கல்லிலோ மண்ணிலோ செய்ய இனி ஒன்றும் இல்லை என்றாய். "சிலைன்னா சுத்தி வந்து பாக்கறது. நான் செய்யப்போறது உள்ளே போய்ப் பாக்கறது. உள்ளே போனவங்க தான் அதுல சிலை."

சந்தை மேட்டில் சரிவான ஒரு மூலையை வெள்ளையன் சுத்தம் செய்து கொடுத்தான். நானும் பூங்காவனமும் மூங்கிலைப் பிளந்து எடுத்த பிளாச்சுகளைக் கட்டினோம். என் தையல் வகுப்புப் பெண்கள் கயிறு திரித்தார்கள். நீ கட்டச் சொன்னது ஒரு வழி. நுழையும் இடத்தில் நாலு பேர் தோளோடு தோள் சேர்ந்து போகலாம். போகப் போக அது குறுகி, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மூங்கில் தட்டி. தரை இறக்கம் என்பதால் கால் தானாக முன்னே போகும். நடுவில் இரண்டு வளைவு. அடுத்து என்ன வருகிறதென்று தெரியாது. இரண்டாவது வளைவில் மார்பு உயரத்தில் குறுக்கே ஒரு கழி. குனிந்துதான் போக வேண்டும். அதுதான் உன் ஆபீஸ் ஜன்னல்.

ஓடையில் மீன் பிடிக்க வைக்கிற மூங்கில் பறியை நீ பார்த்திருந்தாய். அதன் வாயில் குச்சிகள் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நுழைகிற மீனுக்கு அவை வளைந்து கொடுக்கும், திரும்புகிற மீனைக் குத்தும். அதே மாதிரி வழியின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் பிளாச்சுகளை முன்னோக்கிச் சாய்த்துக் கட்டச் சொன்னாய். ஆனால் ஒவ்வொரு முனையையும் கல்லில் தேய்த்து மழுக்க வைத்தாய். "குத்தக் கூடாது வெள்ளையா. திரும்பலாமான்னு நெனைக்கறப்ப லேசா இடிக்கணும். அவ்ளோதான்." அவன் பொறுமையாகத் தேய்த்தான்.

வழி போய் முடியும் இடத்தில் ஒரு வட்டக் களம். சுற்றிலும் உட்காரக் கட்டைகள். மேலே வானம். அதுதான் உனக்கு முக்கியம். குறுகின வழியில் வாய் மூடி வந்தவர்கள் அந்த வட்டத்துக்கு வந்ததும் என்ன ஆகிறார்கள் என்று அவர்களே பார்க்க வேண்டும் என்றாய்.

சந்தை அன்று ஜனம் திரண்டது. அதற்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சரம்மா பந்தல் என்றார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனவர்கள் முதல் வளைவிலேயே அமைதியானார்கள். வட்டத்துக்கு வந்து விழுந்ததும் ஒரே இரைச்சல். புளி விற்க வந்த ஒரு பெண் கட்டையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "உள்ள போனா வாயே வர்ல டீச்சரம்மா. முன்னாடி போறவ முதுவு தான் தெரியுது. அவ போறா, நானும் போறேன்." பக்கத்தில் உட்கார்ந்த காலனிக்காரர், "எங்க தெருவும் இப்டித்தான கீது" என்றார். கொஞ்ச நேரத்தில் காலனிக்காரர்கள் எல்லோரும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து, குடிவந்த பிறகு பேசாத பேச்செல்லாம் பேசினார்கள். கோழி காணாமல் போன சண்டை கூட அங்கேயே தீர்ந்தது.

நீ ஒரு மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அருகில் வந்தபோது மெதுவாகச் சொன்னாய்: "எல்லாம் நல்லாத்தான் வந்துது. ஆனா ஒண்ணு பாத்தியா? இது எங்க போவுதுன்னு ஒருத்தரும் கேக்கல." அப்போது உன் முகத்தில் இருந்தது சந்தோஷமா பயமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அடுத்த சந்தைக்கு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். காலனி வேலையைப் பார்க்க வந்தவர். ஜனம் எதற்குக் கூடியிருக்கிறது என்று கேட்டு, செருப்போடு வழிக்குள் போனார். வெளியே வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. மறுபடியும் ஒருமுறை போய்வந்தார். தட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிளாச்சை அழுத்திப் பார்த்தார். பிறகு உன்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த இறக்கம் வேண்டுமென்றே வைத்ததா? வளைவு இல்லாமல் நேராக இருந்தால் என்ன ஆகும்? தட்டி தாழ்வாக இருந்தால்? நீ உள்ளது உள்ளபடி எல்லாவற்றையும் சொன்னாய். நேராக இருந்தால் முடிவு தெரியும், தெரிந்தால் யோசிப்பார்கள். தட்டி தாழ்ந்தால் வெளியே நிற்கிறவன் கண்ணைப் பார்ப்பார்கள், பார்த்தால் நின்றுவிடுவார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "பிரமாதம் டீச்சர். உங்கள மாதிரி ஆளுங்க மெட்ராஸ்ல இருக்க வேண்டியவங்க" என்றார்.

அன்று சாயங்காலம் நீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ரொட்டி சுட்டாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. "காலேஜ்ல எங்க வாத்தியாருக்கே புரியலடி. இந்த மனுஷனுக்குப் புரிஞ்சிது. ஒண்ணு விடாம புரிஞ்சிது" என்றாய்.

நோன்புப் பெருநாளுக்கு நீ ஊருக்குக் கிளம்பினாய். என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். உங்கள் வீட்டுச் சின்னக் கதவுகள் வழியாகச் சந்து முழுக்கப் போய், வீட்டுக்கு வீடு சேமியா குடித்தேன். நாம் திரும்பியது, ஆலங்காயம் வழியாக மலையேறுகிற பஸ்ஸில், நடுப்பகலுக்குச் சற்று முன்பு.

பள்ளி மைதானத்தில் கூட்டம் தெரிந்தது. மூன்று லாரிகள் நின்றன. நாட்டில் அவசர நிலை இருந்த காலம். கீழே ஊர்களில் ஆண்களைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்கிறார்கள் என்று பஸ்ஸில் கூடப் பேசிக்கொண்டார்கள். கு.க. முகாம் என்பார்கள். மலைக்கும் அது வரும் என்று நாம் நினைக்கவில்லை. நாம் கல்யாணம் ஆகாத பெண்கள் என்பதால் பள்ளியில் முகாம் போடப்போவதை நம் காதில் யாரும் போடவில்லை.

லாரி நின்ற இடத்திலிருந்து பள்ளியின் கடைசி அறை வரைக்கும் ஒரு மூங்கில் வழி போனது. நீ பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைப் பார்த்தாய். பையைக் கீழே போட்டாய்.

எல்லாம் உன்னுடையதுதான். அகலமான வாய், போகப் போகக் குறுகல், ஆளுயரத் தட்டி, மைதானத்தின் இறக்கம், இரண்டு வளைவு, குறுக்குக் கழி. சாய்த்துக் கட்டிய பிளாச்சு கூட இருந்தது. முனையை மட்டும் யாரும் மழுக்கவில்லை. அதற்கு நேரம் கொடுக்கவில்லை. வட்டக் களத்தையும் விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் டாக்டர்கள் இருந்த அறையின் கதவு இருந்தது.

கம்பளி கொடுக்கிறார்கள், விதைக் கேழ்வரகு கொடுக்கிறார்கள் என்று சொல்லி ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கம்பளிக் கட்டுகள் வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கப்பட்டிருந்தன. ஆண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. சந்தை மேட்டில் கேட்டது.

நீ ஓடினாய். நான் பின்னால் ஓடினேன். இரண்டாவது வளைவுக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து தட்டியைப் பிடித்து இழுத்தாய். பிளாச்சு உன் உள்ளங்கை இரண்டையும் கிழித்தது. நீ விடவில்லை. ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் பிய்த்து, "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்தினாய். உள்ளே நின்றவர்கள் உன்னைப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. முன்னால் போகிறவனின் முதுகைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் அந்த ஓட்டை வழியாகக் காலை வெளியே வைத்தார். வைத்தவர், "கம்பளி அந்தாண்டயா தர்றாங்க?" என்று உன்னையே கேட்டார்.

அதிகாரி வந்தார். கோபப்படவில்லை. ஒரு ஆளை விட்டுத் தட்டியைச் சரி செய்யச் சொன்னார். உன் கையிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்து மருந்து போடச் சொன்னார். பிறகு, சபையில் பாராட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"போன முகாம்ல போலீஸ் வச்சோம் டீச்சர். கல்லெறி, மண்டை ஒடஞ்சிது. இன்னைக்குப் பாருங்க, ஒரு போலீஸ் இல்ல, ஒரு கூச்சல் இல்ல. எல்லாம் உங்க வேலதான்."

உன் நாக்கு முதல்முறையாக உன்னைக் கைவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வெள்ளையனை நாம் சாயங்காலம்தான் பார்த்தோம். வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். பக்கத்தில் மடித்த கம்பளி. நடந்ததை அவனே சொன்னான். மாவட்டக் கண்காட்சிக்கு டீச்சரம்மா பந்தல் மாதிரி இன்னொன்று வேண்டும் என்று அவனைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் லாரி வந்ததும் முதலில் இறங்கியவர்கள் உள்ளே போகத் தயங்கியிருக்கிறார்கள். "கட்டனவன் நீதானடா, நீ முன்னாடி போய்க் காட்டு, அவங்க பயம் போவும்" என்று அதிகாரியின் ஆள் சொல்லியிருக்கிறான். வெள்ளையன் முன்னால் போனான். அவன் முதுகைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள். அறைக் கதவுக்கு வந்த பிறகுதான் என்னவென்று அவனுக்குத் தெரிந்தது.

"திரும்பினேன் டீச்சரம்மா. பின்னாடி அத்தினி பேரு. பக்கத்துல குத்துது. நான் கட்டினது தானே, எங்க பிடிச்சா பிரியும்னு எனக்குத் தெரியும். ஆனா கைய அசைக்க எடம் இல்ல." பிறகு சொன்னான்: "எனக்குக் கொழந்த இல்ல சார்னு சொன்னேன். எல்லாரும் இதத்தான் சொல்றீங்கன்னு சொல்லிட்டாங்க."

நீ அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாய். கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாய்.

சில நாள் கழித்துப் பூங்காவனம் வந்தாள். வழக்கம்போல் விறகுக் கட்டைப் பின்கட்டில் போட்டாள். சண்டை போடுவாள் என்று நான் பயந்தேன். போட்டிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்:

"உம் மேல கோவம் இல்ல டீச்சரம்மா. மூங்கில் வெட்னது எங்க ஊட்டுக்காரரு, கட்னதுல நானும் ஒரு கை. நீ படிச்சவ. இதுக்கு எதிர் மாதிரி ஒண்ணு கட்டித் தாயேன். உள்ள போனவன் பழையபடி வெளிய வர்ற மாதிரி."

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள். அப்படி ஒன்று இருக்கும், இருந்தால் அது உனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலூருக்குப் போனாய், மேலதிகாரிகளைப் பார்த்தாய். மூங்கில் தட்டி மேல் புகாரா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருவர், "அந்த வரைபடம் இருந்தா குடுங்களேன், மத்த ஊருக்கும் ஆவும்" என்றாராம். அந்த ஜன்னலில் நீயும் குனிந்துதானே அதைக் கேட்டிருப்பாய். திரும்பி வந்த அன்றே சந்தை மேட்டில் இருந்த உன் வழிக்குத் தீ வைத்தாய். பச்சை காயாத மூங்கில், சரியாக எரியவில்லை. கணு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மிச்சத்தை ஜனங்கள் கோழிக்கூடு கட்ட எடுத்துப் போனார்கள். அதிகாரி பதவி உயர்வு கிடைத்து மலையை விட்டுப் போனார்.

பூங்காவனத்தின் பிறந்த வீட்டார் வந்து பேசினார்கள். அவள் போக மாட்டேன் என்றாள். வெள்ளையன்தான் ஊர்ப் பெரியவர்களிடம் போய், "அவள விட்டுருங்க. எங்கூட இருந்து இன்னா பண்ணப் போறா" என்று கேட்டு உறவை அறுத்துவிட்டான். அவளை வேறு ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்துச் சந்தையில் அவளை இடுப்பில் பிள்ளையோடு பார்த்தேன். வெள்ளையனும் பார்த்தான். கிட்டே போய், பிள்ளை கையில் ஒரு பொரி உருண்டையைக் கொடுத்துவிட்டு, அவளிடம் ஒன்றும் பேசாமல் காலனிப் பக்கம் நடந்தான். அவள் அந்த உருண்டையைப் பிள்ளையிடமிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குள் நீ வேலையை விட்டு வாணியம்பாடிக்குப் போய்விட்டிருந்தாய். உனக்கு அதே சந்தில் கல்யாணம் ஆனது. திரைக்குப் பின்னால் இருக்க மாட்டேன் என்று மெட்ராஸ் போனவள், திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாய். யாரும் உன்னைத் தள்ளவில்லை. பென்சிலைக் கூடக் கையில் எடுப்பதில்லை என்று உன் தங்கை சொன்னாள்.

எண்பதுகளில் ஒருமுறை உன்னைப் பார்க்க வந்தேன். உனக்கு மஞ்சள் காமாலை வந்து கொஞ்சம் தேறியிருந்த நேரம். கண் இன்னும் மஞ்சளாக இருந்தது. உள்ளங்கைத் தழும்பு வெளுத்துப் போயிருந்தது. பழையதை நானாகப் பேசவில்லை. நீதான் ஆரம்பித்தாய்.

"நான் கணக்குல ஒண்ணே ஒண்ணு தப்பா போட்டேன்டி. புரிஞ்சிக்கினவன் நல்லவனாத்தான் இருப்பான்னு நெனச்சிக்கினேன்."

பிறகு வெள்ளையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாய். ஆறுதல் சொன்னால் உனக்குப் பிடிக்காது. அதனால் உள்ளதைச் சொன்னேன். தனியாக இருக்கிறான், காலனியில், அதே வீட்டில். வேலி கட்ட யார் கூப்பிட்டாலும் போவதில்லை, மூங்கிலைத் தொடுவதில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தம்மா இப்ப இன்னா கட்டுது?" என்று கேட்கிறான் என்றேன்.

"ஒண்ணும் கட்டலன்னு சொல்லு" என்றாய். நான் கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டு, "செத்தாலும் கட்ட மாட்டேன்னு சொல்லு. அவனுக்கு அதாவது இருக்கட்டும்" என்றாய்.

மலைக்குத் திரும்பியதும் நேரே காலனிக்குப் போனேன். வெள்ளையன் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். எதிரே முன்வரிசை வீட்டின் முதுகு. நீ சொன்னதைச் சொன்னேன். அவனுக்கு அது கொஞ்சம் நிம்மதி தரும் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அவன் முகம் சுருங்கிப் போனது. கையில் இருந்த புளியை முறத்தில் போட்டான்.

"எதுக்கும்மா அப்டி? கட்டறவங்க எல்லாம் கட்டிக்கினே தான இருக்கறாங்க. அந்தம்மா ஒருத்தி நிறுத்திட்டா எனக்கு இன்னா திரும்பி வரப்போவுது?" சுவரைப் பார்த்தபடி யோசித்தான். யோசித்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக, நான் மறக்கக் கூடாது என்பதுபோலச் சொன்னான்.

அதை உன்னிடம் சொல்ல அடுத்த விடுமுறைக்கு வாணியம்பாடி பஸ் ஏறினேன். உன் சந்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. உங்கள் வாசல் திரையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். தெருவில் நின்ற ஆண்கள் எனக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். காமாலை மறுபடி வந்து, நீ மவுத்தாகி, அடக்கமும் முடிந்திருந்தது. சின்னக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. சந்துப் பெண்கள் எல்லோரும் உன் வீட்டில் இருந்தார்கள். உன் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, எனக்கு அழுகைக்கு முன்னால் அந்த வார்த்தைதான் வாய்வரை வந்தது. அங்கே யாரிடமும் அதைச் சொல்ல முடியவில்லை. அது உனக்கென்று சொல்லி அனுப்பியது.

அன்றிலிருந்து அது என்னிடம்தான் இருக்கிறது. பிசகாமல், அவன் சொன்ன மாதிரியே வைத்திருக்கிறேன். வெள்ளையன் சொன்னது இதுதான்:

"அந்தம்மாவக் கட்டச் சொல்லுங்க. ஆனா கட்டிட்டு ஊருக்குப் போய்டக் கூடாது. வாசல்லயே நிக்கணும்."